பதினாறு அடி கேட்

நான் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். விடைத்தாளில் லகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம் இருந்தால் அரை மதிப்பெண்ணாவது வெட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன். "ஒரு எழுத்துதானே சார், விட்டுடுங்க" என்று யாராவது வந்து நின்றால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். அப்படிப்பட்ட நான்தான் ஒரே ஓர் எழுத்தைத் தெரிந்தே விட்டேன். என் மனைவியின் உயிர் அதில் போயிருக்கும். கேஜ் என்று நான் சொன்னதை ஒருவர் கேட் என்று கேட்டார். நான் திருத்தவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

என் மனைவிக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கார்களுக்குப் போகிற சின்னச் சின்னப் பாகங்கள் அங்கே தயாராகின்றன. அவற்றை அளந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று ஒதுக்குவது அவள் பிரிவு. நாள் முழுக்க அடுத்தவர் சொல்கிற அளவை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இத்தனை வருஷமா யார் யார் காருக்கோ துண்டு துண்டா அனுப்பியாச்சு. முழுசா ஒண்ணு நானே செய்யப் போறேங்க" என்றாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே "செய்யேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே எங்கள் சிட்லபாக்கம் வீட்டுப் போர்டிகோவில், உடைக்கப்போட்ட ஒரு பழைய சின்னக் காரின் எஞ்சின் வந்து இறங்கியது.

அவள் போட்ட திட்டம் பெரிதொன்றும் இல்லை. கதவு கிடையாது, கூரை கிடையாது, இரண்டு பேர் உட்காரலாம். அதைப் பொதுச் சாலையில் ஓட்ட விடமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் மனை வாங்கிப் போட்டிருந்தார். தார் ரோடு போட்டு, கல் நட்டு, வாசலில் வளைவும் கட்டி, இன்னும் ஒரு வீடுகூட வராத லேஅவுட். அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தாள். எஞ்சினும் சக்கரமும் இருக்கையும் எந்த இரும்புச் சட்டத்தின்மேல் உட்காருமோ அதற்குப் பெயர் சேஸிஸ். அதைத்தான் முதலில் செய்யவேண்டும். அதற்குச் சதுரக் குழாய், கடை பாஷையில் ஸ்கொயர் பைப், பதினெட்டு வேண்டும்.

பைப் வாங்க முதலில் அவள்தான் அலைந்தாள். நகரத்துக்குள் ஒரு கடையில் நல்ல சரக்கு இருந்தது. விலையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். தாம்பரம் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினாள். மூன்றிலும் விலை சொல்வதற்கு முன்னால், "சார் வரலையா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது கடையிலிருந்து வந்த அன்று ஹெல்மெட்டை சோபாவில் வீசிவிட்டு, "பைப் வாங்கறதுக்குக்கூட மீசை வேணுமாம்" என்றாள். எனக்கும் ரத்தம் கொதித்தது. "விடு, சனிக்கிழமை நான் போறேன். நீ போட்டிருக்கிற கணக்குக்கும் கம்மியா வாங்கிட்டு வர்றேன் பாரு" என்று சவடால் விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், பதினாறு கேஜ், இருபது அடி நீளம், பதினெட்டு. கேஜ் என்பது குழாய்ச் சுவரின் கனம் என்று விளக்கினாள். இதில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. எண் ஏற ஏறக் கனம் குறையும். பதினாறு என்றால் ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர், பதினெட்டு என்றால் ஒன்று புள்ளி இரண்டு. வரைபடத்தில் இருக்கைக்குப் பின்னால் எழும்பி, தலைக்குமேல் ஏறி இறங்கும் ஒரு சட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "வண்டி கவிழ்ந்தா என் தலையைக் காப்பாத்தப்போறது இதுதான். பதினாறு இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். தன்னுடைய டிஜிட்டல் வெர்னியரை, கனத்தை அளந்து எண்ணாகக் காட்டும் அந்தக் கருவியை, உறையோடு என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு பைப்பையும் இரண்டு முனையிலும் அளக்கச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கடை. வாசலிலேயே பைப்புகள் அடுக்கியிருந்தன. உள்ளே இரண்டு ஆட்கள் இரும்பு வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காதில் பேனா செருகியிருந்த கடைக்காரர் யாருக்கோ எடை போட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் வாசல் அடுக்கில் இருந்த ஒரு பைப்பின் முனையில் வெர்னியரை வைத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஆறு. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"இன்னா சார் வோணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், பதினெட்டு. பதினாறு கேஜ்."

அந்த நேரம் பார்த்து மெஷின் காது கிழிய அலறியது.

"இன்னாது?"

"பதினாறு கேஜ்!" என்று கத்தினேன்.

"பதினாறு அடி கேட்டா? யம்மாடி! பங்களா கட்டிக்கினு கீறியா சார்?"

கடையில் நின்றிருந்த நாலைந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திருத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். கேட் இல்லை, கேஜ் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் அடுத்து என்ன வரும் என்பது என் கண்முன்னால் ஓடியது. கேட்டு இல்லியா, அப்ப எதுக்கு சார்? காருக்கு. காரா? யாரு செய்றது, நீயா? இல்லை, என் மனைவி. அதற்கப்புறம் அந்த நாலைந்து முகங்களிலும் வரப்போகிற சிரிப்பு. சட்டை மடிப்புக் கலையாமல் நிற்கிற வாத்தியார், பொண்டாட்டி கார் செய்ய எடுபிடியாகப் பைப் வாங்க வந்திருக்கிறார். அவள் கார் செய்வதில் எனக்குப் பெருமை என்றுதான் அந்த நிமிடம்வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஆமா, கேட்டுக்குத்தான்" என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்லக் கூடாது? பெரிய கேட்டு, வெயிட்டு ஏத்தக் கூடாது. நான் பாத்துக் குடுக்கறேன், நீ கவலைய வுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். பைப்புகள் வாசல் அடுக்கிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்தன. அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வெர்னியர் பையில் இருந்தது. மறுபடி எடுத்து அளந்தால், கேட்டுக்கு எதற்கு சார் இதெல்லாம் என்று கேட்பாரே என்று எடுக்கவில்லை. பேரம் மட்டும் நன்றாகப் பேசினேன். கடைசியில் அவள் போட்ட கணக்கைவிட நாலில் ஒரு பங்கு குறைவாக வந்தது. இரும்பை எடை போட்டு விற்கிறார்கள், எடை குறைந்தால் விலையும் குறையும் என்கிற மூன்றாம் வகுப்புக் கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. என் வாய்க்குப் பயந்து இறங்கிவந்தார் என்றே நினைத்தேன்.

பாதியாக வெட்டிய பைப்புகள் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். விலையைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? எப்படிங்க?" என்றாள். "அதெல்லாம் பேசற விதத்துல இருக்கு" என்றேன். "எல்லாத்தையும் அளந்தீங்களா?" "அளந்தேன்." "ரெண்டு முனையிலயும்?" "ஆமாம்மா, ரெண்டு முனையிலயும்." தொழிற்சாலையில் யார் சொன்னாலும் மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கிறவள், நான் சொன்னேன் என்பதால் அளக்கவில்லை. வெர்னியரை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

தினமும் வேலைவிட்டு வந்து ஏழு மணியிலிருந்து எட்டரைவரை வெல்டிங் வைப்பாள். தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவரிடம் மூன்று மாதம் கற்றிருந்தாள். எதிர்வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். போர்டிகோவில் பொறி பறப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "என்ன சார், ஷெட் போடறீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், சின்னதா ஒரு ஷெட்" என்றேன். அவள் கண்ணாடி முகமூடி போட்டிருந்தாள், காதில் விழுந்திருக்காது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் வாரமே தகராறு தொடங்கியது. வெல்டிங் வைத்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அவள் மெஷினில் கரண்டைக் குறைத்தாள், கம்பியை மாற்றினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி வைத்தாள். மணிக்கட்டில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தது. "என் கைதாங்க சரியில்லை. நடுங்குது போல" என்றாள். மீந்த துண்டுகளை வைத்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோடு கோடாக வெல்டிங் வைத்துப் பழகினாள். ஒரு மாதம் இப்படியே போனது. நான் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல புருஷன்!

ஒருவழியாக வண்டி உருவத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பது என்று நாள் குறித்தாள். அந்த வாரம் புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் சாதாரணமாக ஒன்று சொன்னாள். வெல்டிங் சொல்லிக்கொடுத்தவரிடம் ஓட்டை விழுவதைப் பற்றிக் கேட்டாளாம். "மெல்லிசு பைப்பா இருந்தாதான் மேடம் இப்படி விழும்" என்றாராம் அவர். "நான் சொல்லிட்டேன், இல்லண்ணா, பதினாறு கேஜ்தான், எங்க வீட்டுக்காரர் ஒவ்வொண்ணா அளந்து வாங்கிட்டு வந்தார்னு. அப்போ கைப்பழக்கம்தான் மேடம், போகப் போக வந்துடும்னார்." இதைச் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.

அவள் குளிக்கப் போனதும் மேசை இழுப்பறையைத் திறந்தேன். போர்டிகோ மூலையில் கிடந்த மீதித் துண்டு ஒன்றை எடுத்து, முனையில் இருந்த பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு வெர்னியரில் வைத்தேன். ஒன்று புள்ளி இரண்டு. கை தப்பியிருக்கும் என்று இன்னொரு துண்டு எடுத்தேன். ஒன்று புள்ளி இரண்டு. நிமிர்ந்தபோது இருக்கைக்குப் பின்னால் எழும்பி நின்ற அந்தச் சட்டம் கண்ணில் பட்டது. அதுவும் இதே பைப்தான். குளியலறையில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கல்லூரி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். என் கோபம் அப்போது வேறொருவரைத் தேடிக்கொண்டிருந்தது. "நான் கேட்டது பதினாறு கேஜ். நீங்க குடுத்தது பதினெட்டு. ஆளைப் பார்த்து ஏமாத்தறீங்களா?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டேன்.

கடைக்காரர் பதறவே இல்லை. காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "குரல ஒசத்தாத சார். நீ இன்னா சொன்ன? பதினாறு அடி கேட்டுன்ன. அம்மாம் பெரிய கேட்டுக்குப் பதினாறு கேஜு போட்டா கீலு தாங்குமா? ஒரே வருசத்துல தொங்கிப்பூடும். அதுக்குத்தான் லைட்டா குடுத்தேன். துட்டும் அதுக்கேத்த மாதிரி கம்மியாத்தான வாங்கினேன்? கேட்டு தொங்கிச்சா இப்போ?"

"இல்லை."

"அப்றம் இன்னா பேஜாரு உனக்கு?"

அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. என் வீட்டுக் கேட் தொங்கக்கூடாது என்று அக்கறையாக யோசித்துக் கொடுத்திருக்கிறார். அது கேட் இல்லை சார், கார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்றும் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "ஒண்ணுமில்ல" என்று முனகிவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். பைப் மெல்லிசு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் கேட் வெளியே வரும். வெள்ளிக்கிழமை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மழை பெய்துவிடாதா என்று. சனிக்கிழமை காய்ச்சல் வந்ததாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளோ அன்று காலையிலிருந்து சட்டத்துக்குத் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "வாங்க, பக்கத்துல உக்காருங்க" என்று கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். தலைக்குமேல் அந்தச் சட்டம்.

"அடுத்த வாரம் வச்சுக்கலாமே" என்றேன்.

"ஏங்க, பயமா?"

"எனக்கென்ன பயம்."

"என் வெல்டிங் மேல பயம்னா வெளிப்படையா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"சேச்சே, உன் வெல்டிங்குக்கு என்ன குறை" என்றேன். ஓட்டை விழுந்ததற்கெல்லாம் காரணம் அவள் கை இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. சொல்லவில்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கட்டினோம். லேஅவுட்டின் வளைவுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மனைக்காரர் வண்டியை இறக்கப் பலகை கொண்டுவந்து காத்திருந்தார். இறக்கினோம். அவள் ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. மனைக்காரர் கைதட்டினார். நான் தட்டவில்லை.

முதல் சுற்று மெதுவாகத்தான் போனாள், சைக்கிள் போகிற வேகம். அந்தக் கோடியில் திரும்பும்போது ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி அதில் இறங்கி ஏறியது. எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ. அவள் திரும்பி வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. "போகுதுங்க! பாத்தீங்களா, போகுது!" என்றாள். "இப்ப அறுபதுல ஒரு சுத்து. தள்ளிக்குங்க."

நான் தள்ளவில்லை. நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். "இறங்கு" என்றேன்.

"என்னங்க, விளையாடாதீங்க."

"இறங்கும்மா. எஞ்சினை நிறுத்து. பைப் பதினாறு கேஜ் இல்லை."

எஞ்சின் நின்றது. மனைக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ வாங்கிவருவதாகச் சொல்லி நகர்ந்தார். அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

அவள் பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டருகே குனிந்து, ரெட் ஆக்சைடைக் கட்டைவிரலால் துடைத்தாள். வெல்டிங்கை ஒட்டி, பைப்பில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. தலைமுடி அளவுதான். சைக்கிள் வேகத்தில், ஒரே ஒரு பள்ளத்துக்கு. அவள் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் அளந்தேன்னீங்க."

"ஒண்ணைத்தான் அளந்தேன்."

"கடையில எதுக்குன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேஜ்னு சொன்னதைக் கேட்னு நினைச்சுட்டார். நான்... ஆமான்னுட்டேன்."

அவள் கத்தவேண்டும் என்று இருந்தது எனக்கு. நான் கத்துகிறவன், கத்தினால் பதிலுக்கு ஏதாவது சொல்ல எனக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. "ஒரு மாசம் என் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். பிறகு, "கார்னு சொல்ல வெட்கமா, இல்ல, பொண்டாட்டி செய்யறான்னு சொல்ல வெட்கமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டிருந்தது. "ரெண்டாவது" என்றேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். வண்டியை மறுபடி ஏற்றி வீடு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு சாப்பாடு, கரண்ட் பில், தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான் பேச்சு. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். நான் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள் இரண்டு தரமும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போர்டிகோவில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டத்தைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், கார் முடிந்தது, நான்தான் முடித்தேன் என்று நினைத்தேன். தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? உள்ளே வந்து உட்கார்ந்தேன். அன்று ஒரு தாளையும் திருத்த முடியவில்லை.

அறுத்த துண்டுகளை வைத்து அவள் செய்தது கேட். எங்கள் வீட்டு வாசலுக்கு, பத்தடியில், இரட்டைக் கதவு. பழைய கேட்டின் அடிப்பக்கம் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. ஆள் வைத்து அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள். வெல்டிங் வைத்த இடங்களில் ஓர் ஓட்டைகூட இல்லை. இரண்டு கதவையும் தள்ளிப் பார்த்தாள், கீல் சத்தமில்லாமல் திரும்பியது. "நீங்க கேட்ட கேட்" என்றாள். சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து தடவிப் பார்த்து, "ஷெட்டுன்னீங்களே சார், கேட்டுல்ல வந்திருக்கு! எந்தக் கடை?" என்றார். "கடை இல்லை சார். அவங்க செஞ்சது" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே பேச்செடுத்தாள். "நாளைக்குக் கடைக்குப் போகணும். நீங்களும் வாங்க." எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வா சார்! கேட்டு நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துது. தொங்கலை."

"சொன்னேன்ல? இப்ப இன்னா வோணும்?"

அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டு வாசல் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பதாக இல்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், பதினெட்டு! பதினாறு கேஜ்! கேஜ்!" என்று கத்தினேன்.

"எதுக்கு சார்?"

"காருக்கு! இவங்க கார் செய்யறாங்க! என் வீட்டுக்காரம்மா!"

பாதியில் மெஷின் நின்றுவிட்டது. 'வீட்டுக்காரம்மா' மட்டும் கடை முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் சிரிக்கவும் செய்தார். இதற்காகவா, இந்த ஒரு சிரிப்புக்காகவா என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"காருக்குப் பதினாறு பத்துமா மேடம்?"

"பத்தும்ண்ணா. மூட்டு வர்ற இடத்துல மட்டும் பலத்துக்கு உள்ள பிளேட் குடுக்கறேன்."

"அப்ப சரி. யப்பா, வாசல் அடுக்குலேர்ந்து எடு! கேட்டு பைப்பு வாணாம்!"

பதினெட்டு பைப்பும் வந்து தரையில் வரிசையாகப் படுத்தன. அவள் பையிலிருந்து வெர்னியரை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அளங்க. சத்தமா சொல்லுங்க" என்றாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒன்று புள்ளி ஆறு. அந்த முனைக்குப் போனேன். ஒன்று புள்ளி ஆறு. இருபது அடிக்கு இந்தக் கோடியும் அந்தக் கோடியுமாக நடந்து நடந்து முப்பத்தாறு முனையையும் அளந்து, முப்பத்தாறு முறையும் சத்தமாகச் சொன்னேன். முட்டி வலித்தது, சட்டையெல்லாம் கறுப்பு. முடித்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

அவள் என் கையிலிருந்து வெர்னியரை வாங்கிக்கொண்டாள். முதல் பைப்புக்குத் திரும்பிப் போய்க் குனிந்து, ஒவ்வொரு முனையாக எல்லாவற்றையும் அவளே மறுபடி அளந்தாள்.